மாட்டிக்கொண்ட கோட்டையிலிருந்து ஒரு புதுப்பிப்பு

1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ என்ற, சதுரங்கம்போல முறை வைத்து ஆட்களை நகர்த்திச் சண்டை போடும் வீடியோ கேமை மறுபடி ஆடி, அதில் வரும் ரியோவேன்ஸ் கோட்டையில் வீக்ராஃப் என்ற எதிரியிடம் மாட்டிக்கொண்டதாகப் போன வாரம் புலம்பியிருந்தேன். தாண்டிவிட்டேன்! இரண்டு சண்டைக்கு நடுவே சேவ் செய்ததுதான் வினை. கோட்டைக்கு வெளியே போய் லெவல் ஏற்றி ஆட்களைப் பலப்படுத்த வழியே இல்லை. நல்லவேளை, பழைய சேவ் ஒன்று கிடந்தது. இந்த முறை கதாநாயகன் ராம்சாவைக் கத்தவிட்டு (கத்தக் கத்த அவன் வேகம் கூடும்) வேகத்தை ஏற்றி, ஓடி ஓடி அடித்தேன்.

சரி, இத்தனை வருஷம் கழித்தும் கேம் நன்றாக இருக்கிறதா? நன்றாகவே. மேட்டில் நின்றால் வில்லுக்குத் தூரம் கூடும். முதுகைக் காட்டினால் தொலைந்தோம். விழுந்த ஆளின் தலைமேல் 3, 2, 1 என்று எண் இறங்கும். அதற்குள் எழுப்பாவிட்டால் ஆள் போனதுதான். 1இல் நின்றபோது நான் யோசித்துக்கொண்டே இருக்க, பாளையங்கோட்டை ஆச்சி எட்டிப் பார்த்தாள்: “ஏல, படம் அசையவே மாட்டேங்கு, டிவி கெட்டுப்போச்சா?”