செல் சும்மா இருக்கும்போதும் பம்ப் ஏன் ஓடுகிறது?

கயல்:
செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதுவரை புரிகிறது. தள்ளி முடித்த பிறகும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? நரம்பு செல்லுக்குச் சரி, சிக்னல் அனுப்ப வேண்டும். ரத்தச் சிவப்பணுவுக்கு எதற்கு?

லேப்_டெக்னீஷியன்:
பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலையில் வந்த ஒரு ரத்த மாதிரியைச் சீரம் (செல்கள் நீங்கிய தெளிந்த நீர்) பிரிக்காமல், கெட்டுவிடக் கூடாதே என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பிரித்தால் சீரம் வெளிர்மஞ்சளாகத் தெளிவாக இருந்தது. செல் உடைந்திருந்தால் சிவந்திருக்கும். அந்தச் சாயலே இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.8 மில்லிமோல்! நிஜமாகவே அவ்வளவு இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். பதறிப்போய் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். 4.2.

சிவப்பணுவுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே பொட்டாசியம் 20 மடங்குக்கும் மேல். சவ்வு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக்கொண்டேதான் இருக்கும். உடம்புச் சூட்டில், கசிந்ததைப் பம்ப் உடனுக்குடன் திரும்ப இழுத்துவிடுகிறது, அதனால் கசிவே நமக்குத் தெரிவதில்லை. குளிரில் கசிவும் குறையும், ஆனால் பம்ப் அதைவிட மோசமாகப் படுத்துவிடும். ராத்திரி முழுக்கக் கசிந்ததுதான் அந்த 7.8.

சோடியம் இதற்கு நேரெதிர். அது உள்ளே கசியும். வெளியே தள்ள ஆளில்லாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும், செல் ஊதி வெடிக்கும். சிவப்பணு பம்புக்குச் செலவழிப்பது தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

இப்போது புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, பிரிக்காத மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்பதைத்தான்.

கயல்:
அப்படியானால் ரத்த வங்கிப் பைகளிலும் இதே கதையா அண்ணா?

லேப்_டெக்னீஷியன்:
அதேதான்மா. நாளாக ஆக பைக்குள் பொட்டாசியம் ஏறும். உடம்பில் ஏற்றிய பிறகு பம்ப் மறுபடி ஓடி, செல்கள் இழந்ததை மெல்ல மீட்டுக்கொள்ளும். பச்சிளம் குழந்தைக்கு நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் புதிய ரத்தமாகத் தேடுவது இதனால்தான்.

முகில்:
இந்தப் பம்பை யென்ஸ் ஸ்கௌ 1957-இல் கண்டறிந்தது நண்டின் கால் நரம்பில். 1997-இல் வேதியியல் நோபலில் அவருக்குப் பாதி கிடைத்தது. கயல், குடல் செல்லையும் ஒருமுறை பாருங்கள். அங்கே குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் புரதம் ஏடிபி-யைத் தொடுவதே இல்லை. பம்ப் வெளியே தள்ளிய சோடியம் திரும்ப உள்ளே வரும்போது, அதோடு ஒட்டிக்கொண்டு குளுக்கோஸும் வந்துவிடுகிறது.