தொலைவிலிருந்து பழுது பார்க்கும்போது எதிர்முனையில் திரை கறுத்துவிடுகிறது: யுஏசியை அணைத்துவிடலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எனது விண்டோஸ் 11 மடிக்கணினியிலிருந்து அச்சுக்கு அனுப்பும் கோப்புகள் யாவும் வரிசையிலேயே தேங்கி நிற்கின்றன. அவற்றை நீக்கச் சொன்னாலும் ‘நீக்கப்படுகிறது’ என்று காட்டுகிறதே ஒழிய, பட்டியலை விட்டுப் போவதில்லை. நான் சந்தா செலுத்தி வரும் தொலைநிலை உதவிச் சேவையை அழைத்தேன். அங்கிருந்து ஒரு பொறியாளர் குயிக் அசிஸ்ட் என்ற விண்டோஸின் தொலைநிலை உதவிச் செயலி வழியாக இணைந்து, பொறுமையாகவே பார்த்தார். ஆனால் புதிய டிரைவரை (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளை) நிறுவும் கோப்பைத் திறந்ததும் என் திரை மங்கி, ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா’ என்ற பெட்டி தோன்றுகிறது; அந்த நேரத்தில் தமக்கு வெறும் கறுப்புத் திரைதான் தெரிகிறது என்கிறார் அவர். இப்படி அனுமதி கேட்கும் யுஏசி என்ற பாதுகாப்பு அமைப்பை முழுவதும் அணைத்துவிட்டு, எனிடெஸ்க் என்ற வேறொரு தொலைநிலைச் செயலியை நிறுவி நிலையான கடவுச்சொல் ஒன்றை அமைத்துக் கொடுத்தால், நான் இல்லாத நேரத்தில் வேலையை முடித்துவிடுவதாகக் கூறுகிறார். வங்கிக் கணக்கு உட்பட எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கணினியைத்தான் பயன்படுத்துகிறேன். கறுப்புத் திரை ஒரு பழுதா? அவர் கேட்பது அவசியந்தானா?

மறுமொழி 1:
வணக்கம் நண்பரே. அது பழுதன்று, விண்டோஸ் அப்படி நடந்துகொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்தே, நிர்வாகி அனுமதி தேவைப்படும் செயல்களின்போது விண்டோஸ் அந்தக் கேள்வியைத் தனியானதொரு பாதுகாப்பான திரையில் கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்கள் அந்தத் திரையைப் பார்க்கவோ, உங்கள் சார்பில் ‘ஆம்’ என்று அழுத்தவோ கூடாது என்பதே அதன் நோக்கம். குயிக் அசிஸ்டும் அவற்றுள் ஒரு நிரல்தான் என்பதால், பெட்டிக்கு நீங்கள் விடை சொல்லும் வரை உதவுபவருக்குத் திரை தெரியாது. பெட்டியில் உள்ள நிரலின் பெயரையும் வெளியீட்டாளர் பெயரையும் படித்துப் பார்த்து, பொறியாளர் இப்போது நிறுவுவதாகச் சொன்னது அதுவே என்றால் நீங்களே ‘ஆம்’ அழுத்துங்கள். உடனே அவருக்குத் திரை திரும்பிவிடும். யுஏசியை அணைக்க வேண்டிய தேவையே இதில் எழவில்லை.

மறுமொழி 2:
முழுவதும் அணைக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் யுஏசி அமைப்பில் நான்கு நிலைகள் உள்ளன. மேலிருந்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி வரும், திரை மட்டும் மங்காது. பொறியாளரின் வேலை முடியும் வரை அப்படி வைத்துக்கொள்ளலாமே?

மறுமொழி 1 எழுதியவர்:
வைத்துக்கொள்ள முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நிலையில் பெட்டி சாதாரணத் திரையிலேயே தோன்றுவதால், மற்ற நிரல்கள் அதில் குறுக்கிட வழி ஏற்படுகிறது. ஒரே ஒரு டிரைவருக்காக, அதுவும் கணினியின் முன் உரியவரே அமர்ந்திருக்கும்போது, அந்தப் பாதுகாப்பை எதற்காகக் கைவிட வேண்டும்? கடைசி நிலை இன்னும் மோசம்; நிர்வாகிக் கணக்கில் இருப்பவருக்கு எந்தக் கேள்வியும் வராமலே நிரல்கள் முழு உரிமையோடு ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிந்த பின் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டால், அது அப்படியே நின்றுவிடும் என்பதுதான் என் பெரிய கவலை.

நிலையான கடவுச்சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குயிக் அசிஸ்டில் ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு வேண்டும். அது 10 நிமிடங்களுக்குத்தான் செல்லும். திரையைக் காட்டுவதற்கும் கட்டுப்பாட்டைக் கொடுப்பதற்கும் உங்களிடம் தனித்தனியே அனுமதி கேட்கும். எனிடெஸ்க்கைக் கணினியில் நிறுவி, ஆளில்லா அணுகலுக்குக் கடவுச்சொல்லும் அமைத்துவிட்டால் நிலைமை வேறு. கணினி இயங்கி இணையத்தில் இருக்கும் எந்த நேரத்திலும், அந்தச் சொல்லை அறிந்தவர் உங்கள் சம்மதத்தைக் கேட்காமலே உள்ளே வர முடியும். பல கணினிகளைப் பராமரிக்கும் அலுவலகங்களுக்கு அந்த வசதி உண்மையிலேயே தேவை. வங்கிக் கணக்கைத் திறக்கும் சொந்தக் கணினிக்கு, நேரில் அறியாத ஒருவரிடம் அதைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பொறியாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அவருடைய அலுவலகத்தில் எங்கே, எத்தனை பேர் பார்க்கும்படி எழுதி வைக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா?

மறுமொழி 3:
டிரைவருக்குப் போகும் முன் எளிய வழி ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ‘நீக்கப்படுகிறது’ என்றே நிற்பது பெரும்பாலும் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) கோளாறு. சர்வீசஸ் சாளரத்தில் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் ஆகிய கோப்புறைகளுக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் கோப்புறையைத் திறந்து, உள்ளே உள்ள கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டும். கோப்புறையை அழிக்கக் கூடாது. பிறகு சேவையை மீண்டும் தொடங்கினால் வரிசை காலியாகிவிடும். காத்திருக்கும் அச்சு வேலைகள் எல்லாம் போய்விடும் என்பதால் அவற்றைப் பின்னர் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியாளரிடம் எனிடெஸ்க் வேண்டாம் என்றும், அனுமதிப் பெட்டி வரும்போதெல்லாம் நானே விடையளிக்கிறேன் என்றும் தெரிவித்தேன். அவரும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். பிரிண்டர்ஸ் கோப்புறையில் பழைய கோப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை அழித்துச் சேவையைத் தொடங்கியதும் வரிசை காலியானது. சோதனைப் பக்கம் ஒழுங்காக வந்தது. டிரைவரை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: குயிக் அசிஸ்ட் சாளரத்தை மூடிவிட்டேன், அவர் மறுபடி இணைய ஏதேனும் வழி மிச்சமிருக்குமா?

மறுமொழி 1 எழுதியவர்:
குயிக் அசிஸ்டில் இல்லை. அதில் ஆளில்லா அணுகல் என்ற வசதியே கிடையாது. அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். உதவி நடந்த நாளில் நீங்கள் அறியாத தொலைநிலைச் செயலி ஏதும் அதில் இல்லையென்றால், செய்ய வேண்டியது வேறொன்றும் இல்லை.