வார்லாக்கின் ‘ட்ரையம்ஃப் அண்ட் ஆகனி’: இத்தனை கிட்டார்களுக்கு நடுவே அந்தப் பெண் குரல் எப்படி நிற்கிறது?

மேலூர் மைக்செட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேலூரில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக மைக் செட் வைத்திருக்கிறது. சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஒலி அமைப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும்போது ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டு என்ற தாளக் கருவித் தொகுப்பும் ஒன்றாக எகிறும் இடங்களில் ஸ்திரீபார்ட்டின், அதாவது பெண் வேடக்காரரின், குரலை எப்படி மேலே எடுத்துச் செல்வது என்பது எனக்குத் தீராத கவலை. ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, கூட்டினால் கூம்பு ஸ்பீக்கரில் குரல் தகரத்தைக் கீறியது போல ஒலிக்கிறது. குறைத்தாலோ ஆர்மோனியத்துக்குள் அமுங்கிவிடுகிறது.

சென்ற மாதம், கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் ஒரு பென் டிரைவில் சில ஹெவி மெட்டல் ஆல்பங்களைக் கொடுத்தான். பழுதான ஆம்ப்ளி ஒன்றுக்குப் பற்றவைத்துக்கொண்டே, கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் ஒற்றை ஸ்பீக்கரில் அவற்றை ஓடவிட்டேன். ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்து வார்லாக் குழு 1987-இல் வெளியிட்ட ‘ட்ரையம்ஃப் அண்ட் ஆகனி’ வந்தபோதுதான் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தேன். இரண்டு மின்கிட்டார்களும் டிரம்ஸும் இடிக்கின்றன. அவற்றின் தலைக்கு மேலே டோரோ பெஷ் என்ற அந்தப் பெண், கீச்சிடாமலும் அமுங்காமலும், எதிரே நின்று பேசுபவரைப் போலப் பாடுகிறார். உள்ளிருந்து வந்த அம்மா, “யாருடா இவ, வள்ளி வேசத்துக்கு வந்துட்டுக் காளி வேசம் கட்டுனவ மாதிரி பாடுறா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பாட்டு முடியும் வரை நகராமல் நின்றார்.

அதே குழுவின் முதல் ஆல்பத்தையும் கேட்டேன். அதிலும் இதே குரல்தான் என்றாலும், கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. இந்த வேறுபாடு பாடகியிடம் நிகழ்ந்ததா, பதிவு செய்தவர்களிடம் நிகழ்ந்ததா? என் தொழிலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா?

அண்ணாநகர் ஒலிப்பதிவாளர் எழுதியது:

பெரும்பகுதி பதிவு செய்தவர்களிடம் நிகழ்ந்தது என்பதே என் கணிப்பு. முதல் ஆல்பமான ‘பர்னிங் தி விட்செஸ்’ 1984-இல் மௌசோலியம் என்ற சிறிய பெல்ஜிய நிறுவனத்தின் வழியாக வந்தது. நீங்கள் கேட்ட ஆல்பமோ பெரிய நிறுவனத்தின் பணத்தில், நியூயார்க்கில், ஜோயி பேலின் தயாரிப்பில் உருவானது.

மனிதச் செவி 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். பாடகர் உச்சரிக்கும் சொல்லின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒலியைச் சிதைத்து வாசிக்கும் மின்கிட்டாரின் உறுமலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். ஆகவே அக்கால மெட்டல் பதிவுகளில் ஒரே கிட்டார்ப் பகுதியை இருமுறை வாசிக்கச் செய்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் ஒதுக்கிவிட்டு, நடுவிடத்தைக் குரலுக்கு விட்டுவைப்பது வழக்கமாக இருந்தது. அதன் பிறகு கம்ப்ரெஸர் வைத்து, முணுமுணுப்புக்கும் முழக்கத்துக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைப்பார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியில் இயர்போனின் ஜாக்கை முழுவதும் செருகாமல், பாதியளவு வெளியே இழுத்து, மெல்லத் திருகிக்கொண்டே கேளுங்கள். பொது இணைப்பான தரைத் தொடர்பு விட்டுப்போகும் ஒரு நிலையில் இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நடுவில் இருப்பவை எல்லாம் மறைந்துவிடும். குரல் காணாமல் போய், அதன் எதிரொலி மட்டும் ஆவி போல மிஞ்சும். பழைய ஜாக்குகளில் இது எளிதாக அகப்படும்.

தேனிக்காரன் எழுதியது:

ஒலிப்பதிவாளர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டதாகத்தானே எழுதியிருக்கிறார்? இடமும் வலமும் ஒரே பெட்டியில் கலந்த பிறகும் குரல் நின்றிருக்கிறது என்றால், பக்கம் ஒதுக்கும் வித்தை மட்டும் காரணமாக இருக்க முடியாது. பாடல்களே அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. ‘ஆல் வி ஆர்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். அவர் வரி பாடும்போது கிட்டார்கள் அடக்கமாக நடக்கின்றன; வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் வாயைத் திறக்கின்றன. பல்லவியில் கூட்டக் குரல்கள் வந்து அவருக்குத் தோள் கொடுக்கின்றன. நல்ல பின்பாட்டு ஆர்மோனியக்காரர் செய்வதும் இதைத்தான்.

எனக்கு இந்த ஆல்பத்தில் ஒரு மனக்குறை உண்டு. 1984-இல் இருந்தது ஒரு குழு. 1987-க்குள் அது ஒரு பாடகியும் அவருக்குப் பின்னால் நிற்கும் கலைஞர்களுமாக மாறிவிட்டது. முதல் ஆல்பத்தில் இருந்தவர்களில் டோரோவும் டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் யூரிக்கும் மட்டுமே இதில் மிஞ்சினர். அந்த டிரம்ஸிலும் சில பாடல்களை இங்கிலாந்து டிரம்ஸ் கலைஞர் கோஸி பவல் வந்து வாசித்தார். அமெரிக்க வானொலிக்கு ஏற்ற மினுமினுப்பு எல்லா இடத்திலும் பூசப்பட்டிருக்கிறது. ‘பர்னிங் தி விட்செஸ்’ ஆல்பத்தில் குரல் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டதாக மேலூர்க்காரர் சொல்கிறார். அந்த நெரிசலில் முண்டியடிப்பதுதான் எனக்குப் பிடித்தது. கொடுமையான விஷயம் என்னவென்றால், இந்த ஆல்பத்துக்குப் பிறகு பெயருரிமைச் சிக்கல் வந்து வார்லாக் என்ற பெயரையே அவர் இழந்தார். 1989-இல் வந்த ‘ஃபோர்ஸ் மஜூர்’ அதனால்தான் டோரோ என்ற பெயரில் வெளியானது. பழைய பெயரை மீட்க அவருக்கு 2011 வரை ஆயிற்று.

சுருதி டீச்சர், திண்டுக்கல் எழுதியது:

தம்பிகள் இருவரும் பெட்டியையும் பாட்டையும் பற்றிப் பேசிவிட்டீர்கள். தொண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். மெட்டல் இசை எனக்குப் பழக்கமில்லை. இந்தப் பதிவைப் படித்த பிறகுதான் அந்த ஆல்பத்தை ஒருமுறை முழுக்கக் கேட்டேன். பத்துப் பாடல்களில் பாதி எனக்கு ஒரே மாதிரி இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பலரும் நினைப்பது போல அந்த அம்மையார் கத்தவில்லை. கத்தினால் சுருதி மேலே பிசகும்; அவருக்குப் பிசகவில்லை. சுரத்தை முதலில் சுத்தமாகப் பிடித்துவிட்டு, அதன் மேல் ஒரு கரகரப்பை, தோசையின் ஓரத்தில் முறுகல் ஏற்றுவது போல, வேண்டிய சொல்லுக்கு மட்டும் ஏற்றுகிறார். வரியின் கடைசியில் அதை எடுத்துவிட்டு வெறும் சுரத்தில் நிறுத்துகிறார். கரகரப்பு தொடர்ந்து இருந்தால் காது அதைக் கிட்டாரோடு சேர்த்துவிடும். வந்து வந்து போவதால்தான் மனிதக் குரல் என்று தனியே தெரிகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார்கள் என்றால், அதுவும் கத்தல் அன்று. நெஞ்சைத் திறந்து, மெய்யெழுத்துகளை அழுத்தி, சொல்லை எறிந்து பாடும் முறை அது. இவரிடமும் அந்த எறிதலைக் கேட்கிறேன்.

கடைசிப் பாட்டான ‘ஃபியூர் இம்மர்’ ஜெர்மன் மொழியில் அமைந்தது. ‘என்றென்றும்’ என்பது பொருளாம். மெல்லத் தொடங்கி எழும்பும் அந்தப் பாட்டில், தாய்மொழியில் பாடுகிறபோது அவருடைய மூச்சு எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்பதைக் கேட்டால், மற்ற பாடல்களில் அவர் எவ்வளவு உழைக்கிறார் என்பது புரியும். பதின்ம வயதில் கடுமையான காசநோயிலிருந்து பிழைத்து வந்து, அதன் பின் பாடத் தொடங்கியவர் என்று படித்தேன். எங்கள் பக்கம் காசநோய் என்றால் தோப்பூர் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் மாடிப்படி ஏறவே யோசிப்பார்கள். இவர் 22 வயதில், 1986-இல், இங்கிலாந்தின் டோனிங்டன் மைதானத்தில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் ஒரு குழுவுக்கு முன்னால் நின்று பாடியிருக்கிறார். அந்த விழாவில் குழுவை வழிநடத்திப் பாடிய முதல் பெண் அவர்தானாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தொண்டையைச் செருமிக் கரகரப்பு வரவழைக்க முயல வேண்டாம். மூன்றே நாளில் குரல் கட்டிக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம் வந்து நிற்பீர்கள்.

மேலூர் மைக்செட் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜாக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். நான்காவது முயற்சியில் அகப்பட்டது. குரலும் டிரம்ஸின் அடியும் கிணற்றுக்குள் இறங்கியது போல மறைந்து, இரண்டு பக்கத்துக் கிட்டார்கள் மட்டும் கேட்டன. டோரோவின் சொற்கள் முடிந்த பிறகு அவற்றின் வால் மட்டும் எங்கோ தொலைவில் ஒலித்தது. அக்காள் மகன் அதை என்னிடமிருந்து பிடுங்கி ஒரு மணி நேரம் கேட்டான்.

எங்கள் கூம்புகளுக்கு இடமும் வலமும் கிடையாது என்பதால், தேனிக்காரரும் டீச்சரும் சொன்ன வழியிலேயே யோசித்தேன். நேற்று முன்தினம் அழகர்கோயில் சாலையில் ஒரு கிராமத்து நாடகத்தில், ஸ்திரீபார்ட்டின் ட்ரெபிளைத் தொடாமல், ஆர்மோனிய மைக்கின் மிட் திருகை, அதாவது நடுத்தர ஒலிகளுக்கான திருகை, மட்டும் பாதிக்குக் கீழே இறக்கி வைத்தேன். வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் குரல், கூட்டத்தின் கடைசியில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் வரைக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, தொண்டைக்கு இன்று பாதி வேலைதான் என்றார்.

ஆனால் விடிந்ததும் ஆர்மோனியக்காரர் வந்து, “என் பெட்டிச் சத்தத்தை எங்கய்யா கொண்டுபோய் ஒளிச்சு வச்ச?” என்று சண்டைக்கு நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை இதே குழுவுக்கு மறுபடியும் நாடகம் இருக்கிறது. வரி முடியும் இடங்களில் மட்டும் திருகை ஏற்றித் தருவதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரவு முழுவதும் ஒரு கையை மிக்ஸரில் வைத்தபடி உட்கார வேண்டும்.