பூச்சிமருந்தை வைக்கப் பூட்டுப் பெட்டி செய்ய வெல்டர் வேண்டும் (கடலூர்)

அடிதடி, கேஸ் என்று திரிகிறவன் சாகப்போவதாகச் சொன்னால், "சும்மா மிரட்டுறான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு அது. சமூகவிரோதக் குணங்களில் ஈரமில்லாத மனசைவிட, முன்பின் யோசிக்காத ஆத்திரமும் அதோடு சேரும் குடியும்தான் தற்கொலை முயற்சிக்கு நெருக்கம். அந்த வேகம் பலருக்குச் சீக்கிரமே தணிந்துவிடும். அதுவரை பூச்சிமருந்து கைக்கு எட்டக் கூடாது. காட்டுமன்னார்கோவில் பக்கம் பூச்சிமருந்துக்கு ஊர்ப்பொது லாக்கர் வைத்துப் பார்த்தது நமக்கு நல்ல முன்மாதிரி.

20 இரும்புப் பெட்டிகள் தேவை, நண்பர்களே. ஒவ்வொன்றிலும் இரண்டு பூட்டு: ஒரு சாவி வீட்டில், மற்றது பக்கத்து வீட்டில். கொண்டியும் கீலும் வெளியே திருகாணியில் நின்றால் திருப்புளியால் கழன்றுவிடும், வெல்டிங்தான் வேண்டும். யாரால் முடியும்? செலவைத் தந்துவிடுகிறோம்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.