உப்புவெளி வீட்டு வட்ஸ்அப் குழு: அம்மம்மாவின் பிளேன் சத்தம்

சனிக்கிழமை

தம்பி: (ஒலிப்பதிவு) 1942இல் ஜப்பான்காரர் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை அம்மம்மா சொன்ன பதிவு. இரைச்சல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

கனடா மாமா: அருமையடா! முன்பு அனுப்பியதில் ஃபேன் சத்தம்தான் முன்னுக்கு நின்றது. இதில் அம்மா மட்டும்தான்.

மச்சாள்: எனக்கு இப்போதுதான் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. முந்தினதை நிறுத்தி நிறுத்தி அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

சின்னம்மா: என்ன செய்தாய் தம்பி? காகம்கூட இல்லை.

தம்பி: ஆர்.என்.நொய்ஸ் என்று ஒரு பிளகின் சின்னம்மா, ஒலி மென்பொருளோடு சேர்த்துப் போடும் சின்ன மென்பொருள். இலவசம். திரையைப் பதிவு செய்யும் ஓ.பி.எஸ். மென்பொருளில் நொய்ஸ் சப்ரெஷன் என்று ஒரு பில்டர் இருக்கிறதே, அதற்குள் இருப்பதும் இதுதான். இணையத்தில் எதையும் ஏற்றத் தேவையில்லை, வீட்டுப் பழைய லப்டொப்பிலேயே ஓடுகிறது.

சின்னம்மா: அது நல்லது. அம்மாவின் குரலை எங்கேயோ ஒரு கம்பனிக்காரனுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

பெரியம்மா: தம்பி, பிளேன் எங்கே?

தம்பி: எந்தப் பிளேன் பெரியம்மா?

பெரியம்மா: அம்மா கதை சொல்லும்போது பிளேன் வருவதை வாயால் இழுத்துக் காட்டுவார், "ஊஊஊம்" என்று. கையும் மேலே போகும். சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னபோதும் அப்படித்தான். இதில் "வானத்தில ஒரு சத்தம்" என்கிறார், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு "அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினா" என்கிறார். நடுவில் இருந்ததைக் காணவில்லை.

கனடா மாமா: அக்கா சொல்வது சரி. நான் கவனிக்கவில்லை.

தம்பி: நான் ஃபேனையும் காகத்தையும்தான் எடுக்கச் சொன்னேன்...

நான்: வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். தம்பி, மூலப் பதிவு இருக்கிறதா? போனில் எடுத்தது, ஒன்றும் செய்யாதது?

தம்பி: இருக்கிறது அக்கா. வேவ் பைல், 48,000 ஹேர்ட்ஸ்.

நான்: அப்பாடா. அப்படியென்றால் ஒன்றும் போகவில்லை. அந்தப் பைலில் யாரும் கை வைக்க வேண்டாம். பெயரில் "மூலம்" என்று போட்டு உன் லப்டொப்பில் ஒன்று, என்னிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று வைப்போம்.

மச்சாள்: ஆனால் அது ஏன் பிளேனை எடுத்தது? அதுவும் அம்மம்மாவின் வாயில் இருந்து வந்த சத்தம்தானே?

நான்: அதுதான் விஷயமே. அந்தப் பிளகினுக்கு அம்மம்மாவைத் தெரியாது. பேச்சு என்றால் எப்படி இருக்கும் என்று மட்டும்தான் தெரியும்.
ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொஸில்லாவில் இருந்த ஜான்-மார்க் வாலின் என்பவர் 2017இல் வெளியிட்டது. வட்ஸ்அப் குரல் செய்தி எல்லாம் ஓபஸ் என்ற முறையில்தான் சுருங்கிப் போகிறது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆர்.என்.நொய்ஸ் ஒலியை 10 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டிப் பார்க்கும். ஒவ்வொரு துண்டையும் அடிக்குரலில் இருந்து கீச்சுக் குரல் வரைக்கும் 22 பட்டைகளாகப் பிரிக்கும். இந்தப் பட்டையில் இருப்பது பேச்சா, இரைச்சலா என்று கணிக்கும். இரைச்சல் என்று பட்டதின் அளவை இறக்கிவிடும். செக்கனுக்கு 100 தடவை இந்த வேலை நடக்கிறது.

நான்: பேச்சையும் இரைச்சலையும் கலந்து கொடுத்துத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். பேச்சில் எழுத்துக்கள் மாறிக்கொண்டே இருக்கும், சத்தம் ஏறி இறங்கும். ஃபேன், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே சீராக இழுக்கும். அம்மம்மா பிளேனை எவ்வளவு அசலாகச் செய்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பிளகின் அதை உண்மையான என்ஜின் கணக்கில் எடுத்து இறக்கிவிட்டது.

பெரியம்மா: அம்மாவுக்குச் சொன்னேன். சந்தோஷப்படுகிறார்.

கனடா மாமா: சரி, இப்போது என்ன செய்வது? இங்கே பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஃபேன் சத்தத்தோடு போட்டால் ஒரு நிமிடம்கூட இருந்து கேட்க மாட்டார்கள். எனக்கு முதலில் அதுதான் முக்கியம். பிளேனுக்காக முழுக்கதையையும் விட முடியாது.

பெரியம்மா: பிளேன் இல்லாமல் அது என்ன கதை?

சின்னம்மா: இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள்.

நான்: இரண்டும் முடியும் மாமா. பிளகின் முழுப் பதிவுக்கும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. கதைக்கிற இடத்துக்குப் போட்டு, பிளேன் வரும் இடத்தை வெட்டித் தனியாக வைத்து, அதற்கு மட்டும் ஃபேன் இரைச்சலை இலேசாகக் குறைக்கலாம். சேருகிற இடத்தில் ஒலி மெல்ல ஏறி இறங்க விட்டால் காதில் தட்டாது. கோயில் பதிவுகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். பேச்சுக்குப் பழக்கிய பிளகினை நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் போட்டால் இசையையே கரைத்துவிடும். உரை நடக்கும் இடத்துக்கு மட்டும்தான் அது.

தம்பி: அப்போ ஃபேன் இரைச்சலை எப்படிக் குறைப்பது? வேறு பிளகினா?

நான்: ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இருக்கும் பழைய நொய்ஸ் ரிடக்‌ஷனே போதும். அது வேறு வகை. பேச்சு எது என்று அதற்குத் தெரியாது, நீ காட்டும் இரைச்சலைத்தான் தெரியும். அம்மம்மா தொடங்கும் முன் ஃபேன் மட்டும் கேட்கும் இடம் இருக்கும் அல்லவா? அதில் இரண்டு மூன்று செக்கனைத் தெரிவு செய்து, இதுதான் இரைச்சல் என்று முதலில் அதற்குக் காட்டு. பிறகு வேண்டிய பகுதியைத் தெரிவு செய்து 6 டெசிபல் குறை. ஆசையில் 24க்கு ஏற்றாதே. குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் ஆகிவிடும், பின்னால் சின்னச் சின்ன மணி அடிப்பது போலவும் கேட்கும்.

நான்: அங்கேயே ரெசிடியூ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைக் கட்டாயம் போட்டுக் கேள். எதை எடுக்கப் போகிறதோ அதை மட்டும் கேட்கவைக்கும். வெறும் ஃபேன் கேட்டால் சரி. அதற்குள் அம்மம்மாவின் குரல் கேட்டால் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைக்க வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தெரிவையும்விட இதுதான் பெரிது. மிஞ்சினதைக் கேட்டு மயங்குவதைவிட, போனதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மச்சாள்: ஒரு கேள்வி. காகம் போய்விட்டது, ஆனால் பக்கத்து வீட்டு டிவி அப்படியே இருக்கிறதே?

நான்: டிவியில் செய்தி வாசிக்கிறவரும் கதைக்கத்தானே செய்கிறார். அதுவும் பேச்சுத்தான், ஆகவே விட்டுவிடும். யாருடைய பேச்சு வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அறை எதிரொலியும் அவ்வளவாகப் போகாது. அந்த இரண்டையும் பதிவு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு 10.15

தம்பி: (ஒலிப்பதிவு) இப்போது கேளுங்கள். நீங்கள் சொன்ன மாதிரி வெட்டிச் செய்தேன். முதல் தடவை ரெசிடியூ போட்டபோது பிளேனின் அடிக்குரல் அதற்குள் கேட்டது. குறைத்துவிட்டேன்.

பெரியம்மா: வந்துவிட்டது! பிளேன் வந்துவிட்டது!

கனடா மாமா: கேட்டேன். மற்றப் பிளேன் ஒன்று பின்னால் வருவதையும் காட்டுகிறார். சத்தம் கொஞ்சம் மெல்லிசு. எனக்கு அது நினைவே இல்லை.

சின்னம்மா: 1942 ஏப்ரல் 9. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. விமானத்தளம் இருந்த சீனக்குடாப் பக்கம் கரும்புகை எழும்பியதைத் தன் அம்மா காட்டினார் என்பார். இவ்வளவு காலம் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்திருக்கிறார்.

மச்சாள்: இரண்டு பிளேனுக்கும் வித்தியாசம் தெரிகிறது. திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நான்: நல்ல வேலை தம்பி. இனி ஒன்று. மொத்தச் சத்தத்தைக் கூட்டுவதென்றால் இரைச்சல் குறைத்த பிறகு கூட்டு. முதலில் கூட்டினால் ஃபேனும் சேர்ந்து ஏறும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடிச் சத்தத்தை ஹை-பாஸ் பில்டர் போட்டு வெட்டினாலும் அம்மம்மாவின் குரலுக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் 50 ஹேர்ட்ஸில் உறுமுவதும், மேசை தட்டுப்பட்டு அதிர்வதும் அதில் குறைந்துவிடும்.

கனடா மாமா: நாளை அடுத்த கதை எடுப்பீர்களா?

நான்: எடுப்போம் மாமா. பிளகினுக்கு வேலை குறைவாக இருக்கிற மாதிரி எடுக்கப் பார்ப்போம். பெரியம்மா, கதை நேரத்துக்கு மட்டும் ஃபேனை நிறுத்த முடியுமா? காலையில் என்றால் வேர்க்காது. முன் விறாந்தை வேண்டாம், நிலாவெளி வீதிச் சத்தம் முழுக்க வரும். உள்ளறையில் கட்டிலில் இருக்கட்டும். சுவர் பக்கம் இரண்டு சேலையைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். போனை மேசையில் வைக்காமல் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தம்பி பிடிக்கட்டும்.

பெரியம்மா: மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவாரே?

நான்: அந்த நேரத்தில் அம்மம்மாவை ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கதைக்கும்போதே அடித்துவிட்டால் அந்த வசனத்தை மட்டும் திரும்பக் கேளுங்கள். தொடங்கும் முன் எல்லாரும் பேசாமல் பத்துச் செக்கன் இருங்கள், இரைச்சலைக் காட்ட அது வேண்டும். தம்பி, வட்ஸ்அப் குரல் செய்தியாக எடுக்காதே. போனின் ரெக்கோர்டரில் எடு. அதில் தானாக இரைச்சல் குறைக்கும் தெரிவு இருந்தால் நிறுத்து. போன் ஒரு தடவை, பிளகின் ஒரு தடவை என்று இரண்டு தடவை சுரண்டினால் குரலில் ஒன்றும் மிஞ்சாது.

தம்பி: சரி அக்கா.

சின்னம்மா: நாளைக்கு 1964 புயலைக் கேளுங்கள். அதில் காற்றை வாயால் ஊதித்தான் காட்டுவார்.

தம்பி: அந்த இடத்தில் பிளகின் இல்லை. குறித்துவிட்டேன்.

கனடா மாமா: எனக்கு மூலத்தையும் அனுப்பு, டொகியூமென்டாகவே. பிள்ளைகளுக்குத் தெளிவான பிரதி, எனக்கு ஃபேனோடு இருப்பது. அந்த ஃபேன் அப்பா வாங்கியது.

பெரியம்மா: காலை ஆறரைக்கே வாருங்கள். ஏழரைக்குப் பாண் ஓட்டோ பாட்டோடு வந்துவிடும். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து வைக்கிறேன்.

நான்: ஓம் பெரியம்மா, ஆறேகாலுக்கு வருகிறோம்.