கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றவே வேண்டாமா? பழைய சொகுசுக் கார் வாங்குவோர் கவனத்திற்கு

பட்டறைவாசி:
சென்ற வாரம் வேறோர் இழையில் 'நீலவானம்' என்ற பெயரில் எழுதும் நண்பர் இரண்டு செய்திகளை உறுதியாக எழுதியிருந்தார். எட்டு ஆண்டு ஓடிய ஜெர்மானியக் காரைப் பராமரிக்க ஜப்பானியக் காருக்கு ஆவதைவிட ஒரு வெள்ளிகூட அதிகம் ஆகாது என்பது முதலாவது. கியர்பாக்ஸ் எண்ணெய் வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும்போது, அதை மாற்றச் சொல்லும் பட்டறைகள் பணம் பறிக்கின்றன என்பது இரண்டாவது. சிங்கப்பூரில் பட்டறைகள் நிறைந்த சின் மிங் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பேச்சை நம்பி யாரேனும் கடன் வாங்கிக் கார் எடுத்தால், அந்தப் பாவம் எழுதியவரைத்தான் சேரும்.

பிஎம்டபிள்யூ, ஜாகுவார், லேண்ட் ரோவர் போன்ற பல வண்டிகளில் உள்ள எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸைச் செய்வது இசட்எஃப் என்ற ஜெர்மானிய நிறுவனம். கார் நிறுவனம் மாற்றத் தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் கியர்பாக்ஸைச் செய்த நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதா, விற்றவன் சொல்வதைக் கேட்பதா என்பதை அவரவர் முடிவுக்கே விடுகிறேன்.

நீலவானம்:
என் பெயரைச் சொல்லியே இழை தொடங்கியமைக்கு நன்றி, பட்டறைவாசி ஐயா. என்னிடம் இருக்கும் காரின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். எஞ்சின் எண்ணெய், பிரேக் திரவம், தீப்பொறிச் செருகி, காற்று வடிகட்டி எனப் பராமரிப்பு அட்டவணையில் எல்லாம் இருக்கின்றன. கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டும் இல்லை. வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள் மறந்துவிட்டார்கள், சின் மிங்கில் படுத்திருந்தவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் நம்ப வேண்டுமா?

நீங்கள் மெச்சும் டொயோட்டாவும் தன்னுடைய டபிள்யூஎஸ் என்ற கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றிச் சாதாரணப் பயன்பாட்டில் மாற்றத் தேவையில்லை என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. அதைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு வரியும் காணோம். ஜெர்மானியக் கார் என்றால் மட்டும் ஏன் இத்தனை கோபம்?

பட்டறைவாசி:
தம்பி, டொயோட்டாவிலும் மாற்றத்தான் வேண்டும். மாற்ற வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்?

கையேட்டைப் படித்திருக்கிறீர்கள், சரி. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த எட்டு வேக கியர்பாக்ஸின் அடித்தொட்டி நெகிழியால் ஆனது; வடிகட்டி அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஆகவே வடிகட்டியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முழுத் தொட்டியையும் வாங்க வேண்டும். தொட்டியின் தரையில் காந்தங்கள் இருக்கும். எண்ணெய் மாற்றாமல் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியில் அந்தக் காந்தத்தை எடுத்தால், மைபோல வழவழப்பான கரும்பழுப்புச் சேறு அதன்மேல் தடித்துப் படிந்திருக்கும். விரலால் வழித்தால் விரல் கறுத்துவிடும். அது கியர்பாக்ஸுக்குள் தேய்ந்த உலோகத் துகள். தெளிவாக ஊற்றிய எண்ணெய் வெளியே வரும்போது கருங்காப்பி நிறத்தில் வரும்.

புது எண்ணெயை ஊற்றுவதும் எளிதன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கணினியை இணைத்து எண்ணெயின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்த்து மூட வேண்டும். தொட்டியிலிருந்து வடித்தால் பாதி எண்ணெய்தான் வெளியே வரும், மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் முறுக்கு மாற்றியில் தங்கிவிடும். இத்தனை வேலைக்கும் சில நூறு வெள்ளி கேட்பதைப் பணம் பறிப்பது என்கிறார் நண்பர். அந்தச் சில நூறை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு பல ஆயிரம் வெள்ளிக்கு கியர்பாக்ஸைத் திறந்த கதை எனக்குத் தெரியும்.

உட்லண்ட்ஸ் உமா:
இருவரும் எண்ணெயிலேயே நிற்கிறீர்கள். நான் பணக்கணக்கைப் பற்றிக் கேட்கிறேன். விற்பனையாளர்கள் விளம்பரத்தில் ஆண்டுத் தேய்மானம், அதாவது வண்டியின் மதிப்பு ஆண்டுக்குக் குறையும் தொகை, இவ்வளவு என்று ஓர் எண்ணைப் போடுகிறார்கள். ஏழாண்டு, எட்டாண்டு ஓடிய ஐரோப்பியக் காரின் தேய்மானமும் புதிய ஜப்பானியக் காரின் தேய்மானமும் அருகருகே இருப்பதைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் மயங்குகிறோம். அந்த எண்ணில் பழுதுச் செலவு ஒரு காசுகூடச் சேர்க்கப்படவில்லை.

நான் வாங்கிய வண்டி இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது இடித்தது. விற்பனையாளர் என்னிடம் சொன்ன பதில், நீலவானம் எழுதியதேதான்: "கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் வரும்." பட்டறைவாசி அவர்களே, அப்போது இதே தளத்தில் உங்களிடம் உதவி கேட்டு எழுதினேன். நீங்கள் பதில் எழுதவில்லை. இன்று இவ்வளவு விரிவாக எழுத உங்களுக்கு நேரம் கிடைத்திருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

பட்டறைவாசி:
சகோதரி, வண்டியைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது என் வழக்கமில்லை. நீங்கள் விற்பனை நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் குறைப்பொருள் விதி ('லெமன் லா') பயன்படுத்திய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்திற்குள் தெரியும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. தனியாள் தனியாளுக்கு விற்றால் மட்டும் அது பொருந்தாது.

உட்லண்ட்ஸ் உமா:
எட்டாண்டு ஓடிய வண்டியில் பாகங்கள் அப்படித் தேய்வது இயல்புதான் என்று விற்றவர் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது? வண்டியின் வயதையும் விலையையும் கணக்கில் கொள்ளச் சட்டமே இடம் தருகிறதே. சட்டம் என் பக்கம் இருந்தது என்று சொல்வது உங்களுக்கு எளிது. ஆறு மாதமும் அலைந்தவள் நான்.

ஈசூன்காரன்:
எல்லாரும் சின் மிங், காக்கி புக்கிட், உபி என்று இங்குள்ள பட்டறைகளையே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் செலவு அதிகமாகத் தெரிகிறது. கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனால் கூலி மிகக் குறைவு. அதே நிறுவனத்தின் உதிரிப் பாகங்களை ரிங்கிட்டில் வாங்கலாம். கியர்பாக்ஸ் எண்ணெயை நான் அங்கேதான் மாற்றினேன், வண்டி நன்றாக ஓடுகிறது.

பட்டறைவாசி:
கணினியை இணைத்து வெப்பம் பார்த்தார்களா?

ஈசூன்காரன்:
நான் பக்கத்துக் கடையில் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது. சிங்கப்பூர்ப் பட்டறைக்காரர்களுக்கு ஜொகூர் என்றாலே ஏன் எரிகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான்.

பட்டறைவாசி:
எனக்கு எரிவதற்கு ஒன்றுமில்லை. ஜொகூரிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுள் சிலருடன் நான் வேலை செய்திருக்கிறேன். ஆனால் எண்ணெயின் அளவு சற்றுக் குறைந்தாலும் அந்த கியர்பாக்ஸ் நழுவத் தொடங்கும். அது இங்கே விரைவுச்சாலையில் நடக்கும்போது ஜொகூர்ப் பட்டறை வந்து இழுத்துப் போகாது. தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தால்தான் நம் வண்டிகள் தரைவழியே வெளியே போகலாம். சுங்கக் கட்டணம், வரிசையில் நிற்கும் நேரம், மறுபடி ஒருமுறை போக வேண்டிய நிலை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டு மலிவு என்று சொல்லுங்கள்.

நீலவானம்:
பேச்சை ஜொகூருக்குத் திருப்பிவிட்டார்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கையேட்டில் எந்தப் பக்கத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றச் சொல்லியிருக்கிறது? பக்க எண் மட்டும் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கார் கட்டாய ஆய்வுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தேறி வருகிறது. உங்கள் கணக்குப்படி உள்ளே சேறு நிறைந்த வண்டி எப்படித் தேறும்? மேலும், என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். என் வயது உங்களுக்குத் தெரியாது.

பட்டறைவாசி:
சரி, நீலவானம் அவர்களே. ஆய்வு நிலையத்தில் பிரேக், விளக்கு, புகை, வண்டியின் அடிப்பகுதி, சக்கரங்களின் நேர்நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலையன்று. மூன்றாண்டு கடந்த வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பத்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் அந்த ஆய்வு. சாலையில் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்பதற்கு அது சான்று, உங்கள் பணப்பைக்குச் சான்றன்று.

உமா எழுப்பிய பணக்கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பழுதுச் செலவு கூடுவதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் அரசாங்கம் திருப்பித் தரும் பார்ஃப் கழிவுத் தொகை, வண்டியின் வயதையும் அதற்குக் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் பொறுத்தது. கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. நன்றாகப் பேணியவருக்கும் பேணாதவருக்கும் ஒரே தொகைதான். அதனால் ஏழாம் ஆண்டு தாண்டியதும் பலர் வண்டிக்குச் செலவு செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். கசிகிற எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறார்கள், எச்சரிக்கை விளக்கை அணைக்கச் சொல்லி எங்களிடம் வருகிறார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை யார் மாற்றப் போகிறார்கள்? அந்த வண்டியைத்தான் எட்டாம் ஆண்டில் நீங்கள் வாங்குகிறீர்கள், அல்லது சிஓஇ (பத்தாண்டுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த வண்டி என்று பதினோராம் ஆண்டில் வாங்குகிறீர்கள். முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்ட செலவெல்லாம் வட்டியோடு உங்கள் தலையில் விழுகிறது.

இதற்கு நம் வெயிலையும் நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையின் சூட்டில் நெகிழிக் குழாய் இணைப்புகளும் குளிர்நீர்த் தொட்டியும் மொறுமொறுப்பாகி, கை பட்டாலே உடைகின்றன. வால்வு மூடியின் ரப்பர், எண்ணெய் வடிகட்டி உறையின் ரப்பர் ஆகிய இரண்டும் கசியும். பல பிஎம்டபிள்யூ வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரேற்றி மின்சாரத்தில் இயங்குவது. அது போகும்போது சத்தம் கொடுத்துவிட்டுப் போகாது. மின்கலம் மாற்றினால்கூடப் புது மின்கலம் வந்திருக்கிறது என்று கணினிக்குப் பதிவு செய்ய வேண்டும். வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது; இந்தப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. ரப்பரின் விலை குறைவுதான், அதை எட்டுவதற்குள் கழற்ற வேண்டியவைதான் கூலியை ஏற்றுகின்றன. ஜப்பானியக் காரில் இவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் இத்தனையும் வருவதில்லை என்கிறேன்.

இத்தனைக்கும் தொடக்கம் அந்த எண்ணெய்தான். எண்ணெயை மாற்ற மனமில்லாதவர் மற்றவற்றை மாற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

உட்லண்ட்ஸ் உமா:
பார்ஃப் பற்றி எழுதியது உண்மை. ஆனால் முழுமையாக எழுதவில்லை. சிஓஇயைப் புதுப்பித்தால் அந்தக் கழிவை இழந்துவிடுகிறோம். பத்தாண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரி ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடி ஐம்பது விழுக்காடு வரை போகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். புதுப்பிக்கும் கட்டணம் சிஓஇ விலையின் மூன்று மாதச் சராசரி என்பதால், அப்போது புதுப்பித்தவர்கள் வண்டியின் உலோகத்தைவிடப் பல மடங்கு பணத்தைக் காகிதத்திற்குக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பட்டறையில் செலவு செய்ய யாரிடம் பணம் மிச்சம் இருக்கும்? இதைப் பட்டறைக்காரர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீலவானம்:
உமா எழுதியதிலிருந்தே என் கருத்து உறுதியாகிறது. செலவு என்பது அரசாங்கத்திற்குக் கட்டுவது, வண்டிக்குக் கட்டுவதன்று. சாலை வரியும் சிஓஇயும் ஜப்பானியக் காருக்கும் உண்டு. ஆகவே பராமரிப்பில் வேறுபாடு இல்லை என்று நான் எழுதியது சரி.

பட்டறைவாசி:
சாலை வரியைப் பராமரிப்பு என்று யார் சொன்னது? பிரேக் தட்டு, நீரேற்றி, கியர்பாக்ஸ் எண்ணெய் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது வரியை உள்ளே இழுக்காதீர்கள்.

ஈசூன்காரன்:
வரியையும் சேர்த்துத்தான் மாதச் செலவு. என் மனைவி அப்படித்தான் கணக்கு வைக்கிறார். அதனால்தான் ஜொகூரில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன்.

பட்டறைவாசி:
மிச்சம் பிடியுங்கள். வெப்பம் பார்த்தார்களா என்று அடுத்த முறை சாப்பாட்டுக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலவானம் அவர்களே, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். பத்தாம் ஆண்டு முடியும்போது புதுப்பிக்கப் போகிறீர்களா? ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு வண்டியின் வாழ்வு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. பத்தாண்டுக்குப் புதுப்பித்தால் இருபதாம் ஆண்டு வரை அதே எண்ணெயில் ஓட்டுவீர்களா?

நீலவானம்:
ஓட்டுவேன். தயாரிப்பாளர் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பட்டறைவாசி:
அப்படியானால் உங்கள் வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். 80,000ஐத் தாண்டிவிட்டதா இல்லையா என்று இந்த இழையைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நீலவானம்:
என் வண்டி எவ்வளவு ஓடியது என்பது உங்களுக்குத் தேவையற்றது. கையேட்டில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டு நெடுநேரம் ஆகிறது. முதலில் அதைச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் உமா:
பட்டறைவாசி அவர்களே, என் வண்டி இப்போதும் மூன்றாம் கியரில் இடிக்கிறது. இந்த முறையாவது பதில் வருமா?