தூண்டில் ஈயக்குண்டுக்கு வீட்டிலேயே அச்சு: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முகத்துவாரம்:
எண்ணூர்ப் பக்கம் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன் நான். கல் இடுக்கில் குண்டு மாட்டிக்கொண்டால் தங்கூசியை (தூண்டில் நரம்பை) அறுத்துவிட்டு வரவேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தாறு குண்டுகள் கடலுக்குப் போகும். கடையில் கிடைப்பவை எல்லாம் உருண்டை. அலை இழுக்கும்போது மணலில் உருண்டு ஓடிவிடுகின்றன. எனக்கு வேண்டியது கூம்பு போல நான்கு பட்டையுள்ள 90 கிராம் குண்டு. சரி, நாமே வார்ப்போம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கினேன்.

நண்பரிடம் கடன் வாங்கிய கூம்புக் குண்டைப் பாதி அளவு களிமண்ணில் புதைத்து, மேலே எண்ணெய் தடவி, பிளாஸ்டரை ஊற்றினேன். அது இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு மறுபாதியையும் ஊற்றினேன். பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. மொட்டைமாடியில் மூன்று நாள் சித்திரை வெயில். காய்ந்துவிட்டது என்று நம்பி ஈயத்தை ஊற்றினேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு கொதிக்கும் ரசம் போலக் குமிழி விட்டு, ஊற்றிய வாய் வழியாகவே ஈயம் திரும்பித் தெறித்தது. கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்ததால் தப்பித்தேன். செருப்பில் இன்றும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஆமாம், செருப்புதான் போட்டிருந்தேன். திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

பிறகுதான் காரணம் புரிந்தது. இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், அதன் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. வெயில் போக்குவது மேல் ஈரத்தை மட்டும். உள்ளே இருப்பது போக, 100 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் மெல்லச் சுட வேண்டும். ஈயம் உருகுவதே 327 டிகிரியில். அந்தச் சூடு பட்டதும் உள்ளிருந்த நீர் ஆவியாகி வழி தேடியிருக்கிறது. அடுத்த அச்சைச் சுட்டுப் பார்த்தேன். தெறிக்கவில்லை, ஆனால் பொருபொருவென்று ஆகி எட்டாவது குண்டோடு உதிர்ந்துவிட்டது. வேறு எதில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

திருமணிமுத்தாறு:
அண்ணா, நான் சேலம். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுவேன். எங்கள் ஊரில் இதற்கு விடை அடுப்படியிலேயே இருக்கிறது: கல்சட்டி செய்யும் மாக்கல். பாட்டியின் கல்சட்டி ஒன்று விரிசல் விட்டு மூலையில் கிடந்தது. அதன் அடிப்பாகத்தை இரும்பறுக்கும் வாளால் இரண்டு துண்டாக அறுத்து, சிமென்ட் தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். (உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.) பேனாக் கத்தியால் குடைந்தால் சோப்புக் கட்டி போலக் குடைபடுகிறது. இரண்டு பாதியும் விலகாமலிருக்க மூலைகளில் துளையிட்டு ஆணி முளை வைத்தேன். பிறகு இரும்புத் தட்டில் வைத்து அடுப்பில் மெல்லச் சூடாக்கி, ஈரம் முழுவதையும் போக்கினேன்.

முதல் குண்டு கிழவர் முகம் போலச் சுருங்கி வந்தது. ஈயம் சரியில்லை என்று அதை இன்னும் காய்ச்சினேன், அதுதான் தவறு. குளிர்ந்திருந்தது அச்சு. அதை அடுப்போரத்தில் நன்றாகச் சுட வைத்து ஊற்றியதும், நான்காவது ஐந்தாவது வார்ப்பிலிருந்து மழமழவென்று வரத் தொடங்கியது. ஆனாலும் வால்பக்கம் நிறையவில்லை. உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? குழியின் கடைசியிலிருந்து கல்லின் ஓரம் வரை ஊசியால் மயிரிழை போல மூன்று கோடுகள் கீறினேன். காற்றுக்கு வழி கிடைத்தது, ஈயம் கடைசி வரை ஓடியது. கோடு ஆழமாகிவிட்டால் ஈயமும் அதே வழியில் மீசை முளைத்து வரும். சிம்னி விளக்கின் புகைக்கரியை உள்ளே பிடித்துவிட்டால் குண்டு ஒட்டாமல் தட்டியதும் விழும்.

எடை வேறு கதை. எனக்கு வேண்டியது 60 கிராம், வந்தது 48. ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், அப்படியானால் இன்னும் ஒரு கன சென்டிமீட்டர் சொச்சம் குடைய வேண்டும். கணக்கு சரி, கைதான் சரியில்லை. ஒரே மூச்சில் குடைந்து 71 கிராம் ஆக்கிவிட்டேன். குடைந்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இப்போது 71 கிராமிலேயே மீன் பிடிக்கிறேன்.

பழைய இரும்பு:
ஈயம் எங்கே வாங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். டயர் கடையில் கிடைக்கும் சக்கர எடைக்கட்டிகளில் இப்போது துத்தநாகமும் கலந்து வருகிறது. ஒரு முறை கவனிக்காமல் போட்டேன். மூன்று கிலோ ஈயமும் கூழாகிப் போனது. குறடால் கடித்துப் பாருங்கள், ஈயம் என்றால் பல் பதியும். பேட்டரித் தகட்டைத் தொடவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம், அதிலிருக்கும் ஆர்செனிக் இன்னொரு பக்கம். அதை உருக்கும்போது மேலே படியும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் என்னும் நச்சுவாயு கிளம்பும்.

வலைக்கண்ணி:
என் அப்பா பழவேற்காட்டில் வீச்சுவலைக்கு ஈயமணி வார்ப்பார். அச்சின் நடுவே கரி பூசிய சைக்கிள் கம்பியை வைத்து ஊற்றி, மணி சூடாக இருக்கும்போதே குறடால் கம்பியை உருவிவிடுவார். கயிறு கோக்கும் துளை அப்படி வரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அவர் வார்த்தது கொல்லைப்புறத்தில், அம்மா மீன் கழுவும் இடத்துக்கு இரண்டடி தள்ளி. தம்பிக்கு நான்கு வயதில் வயிற்றுவலி தீரவே இல்லை. இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் என்று வந்தது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்குத் தெரியும் புகையைப் பற்றித்தான் அப்பா கவலைப்பட்டார். உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடு தூளாகிக் கையிலும் லுங்கியிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதே லுங்கியில்தான் தம்பி உட்கார்ந்து சோறு சாப்பிடுவான். அடுப்படியில் வார்க்கிறேன் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

திருமணிமுத்தாறு:
மன்னித்துவிடுங்கள் அக்கா. அடுப்பு என்று எழுதியது தோட்டத்தில் இருக்கும் விறகடுப்பை. பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை. உடை மாற்றும் பழக்கம் இல்லை, இனி உண்டு.

தேம்ஸ் கரை:
நான் இருப்பது இங்கிலாந்தில். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையான ஈயக்குண்டுகளுக்கு இங்கே 1987 முதல் தடை. சிறியவற்றை வெள்ளீயத்தில் வார்க்கிறேன். 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதே அச்சில் ஊற்றினால் எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாக வரும், அதற்கேற்பக் குழியைப் பெரிதாக்குங்கள். விலையைக் கேட்டால் மட்டும் மீன் பிடிக்கும் ஆசையே போய்விடும்.

முகத்துவாரம்:
எல்லோருக்கும் நன்றி. மாக்கல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வார்ப்பது ஊரில் அண்ணன் வீட்டுத் தோப்பில், ஷூ போட்டுக்கொண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு கல்சட்டி உண்டு, விரிசல் எதுவும் இல்லை. நேற்று இரவு இதையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். காலையில் பார்த்தால் கல்சட்டி பரண் மேல் ஏறியிருக்கிறது.